கடல்கட்டியும் செவிலியும்

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்புக் காலங்களில் 'கடல்கட்டி' என்றொருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி அவர் மந்திரம் ஓதிய பிறகே குளியாட்கள் கடலில் இறங்கினர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் கண்ட மார்க்கோ போலோ, மீனை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாகக் குறிக்கிறார். 1859இல் வெளிவந்த எமர்சன் டென்னன்டின் இலங்கை நூல், மன்னார் வளைகுடாவின் மறுகரையிலும் இது பரம்பரைத் தொழிலாக இருந்ததையும், அக்குடும்பத்தின் அன்றைய தலைவர் கத்தோலிக்கர் என்பதையும் சொல்கிறது. எந்தச் சாமியின் மந்திரம் என்பது முக்கியமில்லை. அச்சம் தணிந்தால் போதும். அந்த வேலைக்குக் கூலி உண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

அதே 1859இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், காத்திருப்பும் நிச்சயமின்மையும் உடலுழைப்பைவிட அதிகமாக நோயாளியை வதைக்கும் என்று எழுதினார். 1970களில் அமெரிக்கச் செவிலியர் ஜீன் ஜான்சன் இதை ஆராய்ந்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு முன், உடம்பில் என்னென்ன உணர்வு தோன்றும் என்று சொல்லிவைத்தால் பதற்றம் குறைவதை அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

என் அம்மாவுக்குக் கருப்பையை எடுத்த அன்று, வந்தவர்கள் எல்லாரும் "பயப்படாதீங்க" என்றோம். அம்மாவின் கை நடுங்கிக்கொண்டேயிருந்தது. ஒரு இளம் செவிலிதான் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதுகுல ஊசி போட்டதும் காலு ரெண்டும் சூடாகிக் கனத்துப் போகும்மா. அது மருந்து வேலை செய்யிறது. ஏதாவது செஞ்சா என் கையை அமுக்குங்க, நான் பக்கத்துலதான் நிப்பேன்." அம்மா மூச்சை விட்டாள். குளியாளும் கயிற்றை இழுத்துத்தான் மேலே இருப்பவருக்குச் சேதி சொல்வான். வீடு திரும்பும்போது தந்த ரசீதில் கையுறைக்கும் பஞ்சுக்கும் விலை இருந்தது. அந்தப் பேச்சுக்கு ஒரு வரியும் இல்லை.

அகப்பாடல்களில் செவிலி என்பவள் வளர்ப்புத்தாய். அந்தச் சொல்லையே இத்தொழிலுக்கு வைத்தோம். அதனால் பரிவைப் பெண்ணின் இயல்பு என்று எண்ணினோமே தவிர, கற்றுப் பெற்ற திறன் என்று எண்ணவில்லை. 2015இல் தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியருக்குத் தந்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள்.

கடல்கட்டி தன் பங்கைத் தட்சணையாக அல்ல, உரிமையாகப் பெற்றார். செவிலியரும் அதைத்தான் கேட்கிறார்கள்.