கிராமுவாஸிச் சிவப்பு

ஏறத்தாழ நாற்பது வருடங்களுக்கு முன்பு, புதுவையில் ஒரு ஜவுளிக்கடைப் பெரியவரிடம் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் சத்தம் போட்டேன். என் மனைவிக்கு அரக்குச் சிவப்பில், பச்சைக் கரை போட்ட சேலையும், அதற்கேற்ற ரவிக்கைத் துணியும் வாங்கியிருந்தேன். கடையில் அந்தத் துணியைக் கரைமேல் வைத்துக் காட்டியபோது பளிச்சென்றிருந்தது. வீட்டில் தனியே பிரித்தால் மங்கல். மாற்றிக் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். "அதே துணிதான் தம்பி, கரைமேல வச்சுப் பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை. பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'கிராமுவாஸி' என்ற நிறப்பெயர் நினைவிருக்கும். ஆங்கிலத்தில் கிரிம்சன், இலேசாக நீலம் கலந்தாற்போன்ற ஆழ்ந்த சிவப்பு. 'கிர்மிஸ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மத்தியதரைக் கடலோர ஓக் மரங்களில் வாழும் சிறு பூச்சியை உலர்த்தி எடுத்த சாயம் அது. அந்தச் சொல்லுக்கும் நம் 'கிருமி'க்கும் மூலம் ஒன்றே. நம் அரக்குச் சிவப்புக்கும் பூச்சிதான் பெயர் தந்தது. இரண்டு நாட்டாரும் சிவப்பைப் பூச்சியிடமிருந்தே பெற்றார்கள்.

ஆனால் நான் சொல்லும் அரக்கும் நீங்கள் நினைக்கும் அரக்கும் ஒன்றா? இதில் மிகவும் பாடுபட்டவர் மிஷேல் எழேன் ஷெவ்ரேல் என்ற பிரெஞ்சு வேதியியலார். 1786-இல் ஆன்ஜே நகரில் பிறந்தவர். 1824-இல் பாரீஸின் கொப்லேன் சித்திரத்திரை நெசவுச்சாலையில் சாயப்பிரிவின் தலைவரானார். அங்கே கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குற்றமில்லை. நீலம், ஊதா நூல்களின் பக்கத்தில் இருந்ததால்தான் கறுப்பு வெளுத்துத் தெரிந்தது! அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை ஒன்று மாற்றுகின்றன என்று 1839-இல் பெரிய நூலே எழுதினார். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு கூடுதலாகச் சிவக்கும் என்பதும் அதில் அடங்கும்.

பிறகு நிறங்களை 72 பாகமாக ஒரு வட்டத்தில் அடுக்கி, ஒவ்வொன்றையும் வெண்மையிலிருந்து கறுப்பு வரை 20 படிகளாகப் பிரித்தார். மங்கல் அளவுகளையும் சேர்த்து 14,000-க்கும் மேற்பட்ட சாயல்களுக்கு எண்ணால் முகவரி கொடுத்தார். 'ஒன்றாம் சிவப்பு', 'இரண்டாம் சிவப்பு' என்று வரிசை போகும். எங்கள் அலுவலகக் கோப்பு எண்கள் மாதிரிதான்! 1889-இல் 102 வயதில் மறைந்தார். ஐஃபல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் உண்டு.

பின்னர் 1905-இல் அமெரிக்க ஓவியர் மன்செல், நிறம், வெளிச்சம், செறிவு என்று மூன்று அளவுகளால் குறிக்கும் முறையை வெளியிட்டார். இன்று கணினியில் கிரிம்சன் என்றால் சிவப்பு 220, பச்சை 20, நீலம் 60. யார் கேட்டாலும் அதே எண்கள்தான்.

எண் மாறாது, கண்தான் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மாறுகிறது. ஷெவ்ரேலைப் பற்றி ஓய்வுபெற்ற பிறகுதான் விரிவாகப் படித்தேன். அந்தப் பெரியவர் சொன்னதும் அதுவேதான். மன்னிப்புக் கேட்கலாமென்று போனேன். கடையும் இல்லை, அவரும் இல்லை.

ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறவர்கள் சேலையையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.