நுண்செயலி: தோற்றமும் வளர்ச்சியும்

நுண்செயலி என்பது நினைவகத்திலிருந்து கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றைப் பிரித்தறிந்து, கணக்கையும் ஒப்பீட்டையும் நிகழ்த்தும் மையச் செயலகம் முழுவதையும் ஒரே சிலிக்கான் சில்லில் அடக்கிய மின்னணுச் சுற்றாகும். 1971இல் விற்பனைக்கு வந்த இன்டெல் 4004 இவ்வகையில் முதல் வணிகச் சில்லாகக் கருதப்படுகிறது. அதற்குப் பிந்தைய வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்தாலும், அதன் முக்கியத் திருப்பங்களைத் தீர்மானித்தவை செலவு, இடம், வெப்பம் ஆகிய நெருக்கடிகளே எனக் கொள்வது பொருந்தும்.

1946இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களால் இயங்கியது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் ஆகியோர் உருவாக்கிய டிரான்சிஸ்டர், அதாவது ஒரு சிறு மின்னோட்டத்தால் அல்லது மின்னழுத்தத்தால் மற்றொரு மின்னோட்டத்தை ஆளும் திண்மநிலைக் கருவி, அக்குழாய்களின் இடத்தைப் பிடித்தது. 1958இல் ஜாக் கில்பியும் 1959இல் ராபர்ட் நாய்சும் தனித்தனியே வகுத்த ஒருங்கிணைந்த சுற்று பல டிரான்சிஸ்டர்களை ஒரே படிகத் துண்டில் இணைத்தது. ஆயினும் 1960களின் இறுதிவரை ஒரு மையச் செயலகத்துக்கு இத்தகைய சுற்றுகள் பல, பலகை பலகையாகத் தேவைப்பட்டன.

அவற்றை ஒரே சில்லில் அடக்கும் முயற்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தது கணினி அன்று, மேசைக் கணிப்பான். 1969இல் பிசிகாம் என்னும் ஜப்பானிய நிறுவனம், தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த இன்டெல்லிடம் தன் கணிப்பான்களுக்கெனத் தனித்தனிப் பணிகளுக்கான பல சில்லுகளைக் கோரியது. அத்தனை சில்லுகளை வடிவமைக்க ஆளும் பொருளும் போதா எனக் கண்ட டெட் ஹாஃப், பொதுப்பயன் செயலி ஒன்றை அமைத்துக் கணிப்பானின் வேலைகளை நினைவகத்திலுள்ள நிரலுக்கு விட்டுவிடலாம் என்றார். ஸ்டான் மேசர் அதன் கட்டளைத் தொகுதியை வகுப்பதில் உதவினார். கருத்தைச் சில்லாக்கிய பெரும்பணி 1970 ஏப்ரலில் இன்டெல்லில் சேர்ந்த ஃபெதரிகோ ஃபாஜினுடையது. பிசிகாமின் பொறியாளர் மசதோஷி ஷிமா அவருக்குத் துணைநின்றார். ஃபாஜின் தம் பெயரின் முதலெழுத்துகளைச் சில்லின் ஓரத்தில் பொறித்து வைத்தார்.

4004 ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. ஒரே வேளையில் 4 பிட்டுகளைக் கையாண்டது. உறையில் 16 இணைப்புக் கால்களே இருந்தமையால், 12 பிட் நீளமுள்ள நினைவக முகவரியை நான்கு நான்கு பிட்டாக மூன்று கடிகாரத் துடிப்புகளில் அனுப்பி, 8 பிட் கட்டளையை அடுத்த இரு துடிப்புகளில் பெற்று, எஞ்சிய மூன்றில் நிறைவேற்றும் எட்டுத் துடிப்புச் சுழற்சி அதற்கு வாய்த்தது. அதாவது உறையின் சிக்கனமே செயலியின் நடையை வகுத்தது. அச்சில்லின் உரிமை முதலில் பிசிகாமிடமே இருந்தது. அந்நிறுவனம் விலைக்குறைப்புக் கோரியபோதுதான், கணிப்பான் அல்லாத பயன்களுக்கு விற்கும் உரிமையை இன்டெல் ஈடாகப் பெற்றது. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போர்விமானத்துக்கென 1970இல் முடிக்கப்பட்ட சில்லுத் தொகுதியை முதல் நுண்செயலி என்போரும் உளர். ஆனால் அது பல சில்லுகளால் ஆனது. 1998 வரை மறைபொருளாக இருந்தமையால் பின்வந்த வளர்ச்சியில் அதற்குப் பங்கும் இல்லை.

1972இல் 8 பிட் 8008, 1974இல் 8080 எனத் தொடர்ந்த வரிசையைச் சந்தை விரைவாகப் பற்றிக்கொண்டது. போட்டிச் செயலிகள் முந்நூறு டாலருக்கு மேல் விற்ற நிலையில், 1975இல் மாஸ் டெக்னாலஜி தன் 6502ஐ 25 டாலருக்கு அறிவித்ததால், ஆப்பிள் 2 போன்ற வீட்டுக் கணினிகள் எழ வழி பிறந்தது. 1981இல் ஐ.பி.எம். தன் தனிக்கணினிக்கு இன்டெல் 8088ஐத் தேர்ந்ததும் சிக்கனம் கருதியே: அச்செயலி உள்ளே 16 பிட் கணக்கைச் செய்தாலும் வெளியே 8 பிட் தடத்தையே பயன்படுத்தியதால், மலிவான பழைய துணைச்சில்லுகளை அதனுடன் இணைக்க முடிந்தது. இத்தேர்வின் விளைவாக, 1978இன் 8086 செயலியோடு பிறந்த கட்டளைத் தொகுதி, அதன் வடிவமைப்பாளரே எதிர்பார்த்திராத ஆயுளைப் பெற்று இன்றைய மேசைக் கணினிகளிலும் தொடர்கிறது.

கட்டளைகள் பெருகிச் சிக்கலானதற்கு எதிர்வினையாக, எளிய சில கட்டளைகளை விரைந்து நிறைவேற்றும் ரிஸ்க் என்னும் நெறி ஐ.பி.எம்., பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு ஆகிய இடங்களில் உருவாயிற்று. அதன் பயனை மிகுதியும் அறுவடை செய்தது கேம்பிரிட்ஜின் ஏகார்ன் என்னும் சிறு நிறுவனம். அங்கே சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஆர்ம் செயலி 1985 ஏப்ரல் 26 அன்று முதன்முதலாக இயங்கியது. விலை மிகுந்த பீங்கான் உறையைத் தவிர்த்து நெகிழி உறையில் அடக்க வேண்டுமாயின் அது ஒரு வாட்டுக்கும் குறைவாகவே மின்சாரம் கொள்ள வேண்டும் என அவர்கள் வரையறுத்திருந்தனர். சோதனையின்போது மின்வழங்கி இணைக்கப்படாமலே, பிற சில்லுகளிலிருந்து கசிந்த மின்னோட்டத்தில் அது ஓடியது கண்டு வியந்தனர். உறைச்செலவைக் குறைக்கக் கொண்ட அந்தக் கட்டுப்பாடே பின்னர் கைப்பேசி உலகம் முழுவதையும் ஆர்மின் கைக்குக் கொண்டுவந்தது.

மேசைக் கணினிகளிலோ கடிகார வேகமே பெருமையாக இருந்தது. டிரான்சிஸ்டர் சிறுக்கும் விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்தால் சில்லின் பரப்புக்கான வெப்பம் கூடாது என 1974இல் ராபர்ட் டெனார்டு காட்டிய விதி அதற்கு இடமளித்தது. மின்கசிவால் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாத நிலை 2000களின் நடுவில் வந்தபோது அவ்வழி அடைபட்டது; 2004இல் இன்டெல் தன் அடுத்த அதிவேகச் செயலித் திட்டத்தைக் கைவிட்டது. அதன்பின் ஒரே சில்லில் பல கருக்களை, அதாவது தனித்தியங்கும் செயலகங்களை, வைக்கும் முறை பரவியது. 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லின் 1,600 கோடி டிரான்சிஸ்டர்களில் பொதுச்செயலகத்தோடு வரைகலைக்கும் இயந்திரக் கற்றலுக்குமான தனிச் சுற்றுகளும் இடம்பெற்றன. தனிப்பணிச் சில்லுகளை ஒழிக்கப் பிறந்த நுண்செயலி, அவற்றை மீண்டும் தன்னுள்ளேயே குடியமர்த்திக்கொண்டது எனலாம்.

கட்டளைத் தொகுதியே ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருப்பதற்கு மாற்றாக, 2010இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-வி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. சென்னை ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் இதனையே அடிப்படையாகக் கொண்டவை. அவ்வரிசையில் இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கப்பட்டு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐரிஸ் சில்லு, சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள அரசு ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்டது.