மயக்க ஊசி போடாமல் யார் வேண்டுமானாலும் பல் பிடுங்கலாம்: ஒரு சட்டத்தின் கதை

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. வயது 55 இருக்கும். தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் ஓ.பி.க்கு வந்தார்.

"கடவாப்பல்லு ஆடிக்கிட்டே இருந்துச்சு தம்பி. தெரிஞ்சவரு ஒருத்தரு புடுங்கி விட்டாரு. நாலு நாளா இப்படித்தேன்."

சுகர் பார்த்தோம். 380. தனக்குச் சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

பிடுங்கியவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பல் டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் ஏற வேண்டும், எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம் வேறு. இந்த இடைவெளி இன்றைக்கு வந்ததில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கு.

1920ல் டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் படித்த பல் டாக்டர்கள் அரிது. அனுபவத்தில் தொழில் கற்றவர்களே அதிகம். 1939ல் வங்காளம் பல் மருத்துவத்துக்கென்று தனிச் சட்டம் போட்டது. சுதந்திரம் வந்த பிறகு, 1948ல் மத்திய அரசின் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது.

அப்போது ஒரு சிக்கல். பட்டம் இல்லாமல் தொழில் செய்துகொண்டிருப்பவர்களை என்ன செய்வது? பதிவேட்டை இரண்டாகப் பிரித்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட படிப்பு படித்தவர்கள் 'ஏ' பகுதி. படிப்பு இல்லை, ஆனால் குறைந்தது 5 வருஷம் அதையே முக்கியப் பிழைப்பாகச் செய்தவர்கள் 'பி' பகுதி. பட்டம் இல்லாதவரிடம் சட்டம் கேட்டது வருஷக் கணக்கை.

இதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களை ஒரே நாளில் விலக்கியிருந்தால் பல ஊர்களில் பல்வலிக்கு ஆளே இருந்திருக்காது.

பல் டாக்டரைத் தவிர இன்னும் இரண்டு பேரைச் சட்டம் அங்கீகரித்தது. பல்லைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட், பல்செட் செய்யும் மெக்கானிக். சொத்தையை அடைக்க, ஆடும் பல்லை எடுக்கப் பயிற்சி பெற்ற இடைநிலைப் பணியாளர் என்று ஒருவர் அந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை.

இப்போ முக்கியமான இடம். பதிவு இல்லாதவர்கள் பல் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று சொன்ன 49வது பிரிவில் சில விலக்குகள் இருந்தன. அதில் ஒன்று: அவசரம், பதிவு பெற்ற பல் டாக்டர் கிடைக்கவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் பல்லைப் பிடுங்கலாம். ஒரே நிபந்தனை, மயக்க ஊசியோ மரத்துப்போகும் ஊசியோ போடக் கூடாது.

இன்னொரு விலக்கு என்னைப் போன்றவர்களுக்கு. பதிவு பெற்ற மருத்துவர் பல் மருத்துவம் பார்க்கலாம். உண்மையைச் சொல்கிறேன், எம்.பி.பி.எஸ்.ஸில் பல் பிரிவில் நான் இருந்தது சில நாள்தான். என்னிடம் பல் பிடுங்க வராதீங்க!

மற்ற நாடுகள் வேறு வழியில் போயின. முதல் உலகப்போருக்கு ஆள் எடுத்தபோது நியூசிலாந்து இளைஞர்களின் பற்கள் படுமோசமாக இருந்தன. 1921ல் தாமஸ் ஹண்டர் முயற்சியில் பெண்களுக்கு இரண்டு வருஷப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பத் திட்டம் தொடங்கியது. பள்ளிப் பல் செவிலியர் என்று பெயர். 1949ல் பினாங்கில் அதே மாதிரிப் பயிற்சிப் பள்ளி. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு இலங்கையின் மகரகமையில் இன்னொன்று.

இவர்கள் எல்லோரும் பார்த்தது குழந்தைகளை. பெரியவர்களுக்கும் பார்க்கலாமா என்பதில்தான் சண்டை வந்தது.

அலாஸ்காவில் பல கிராமங்களுக்குப் பல் டாக்டர் வருவதே அபூர்வம். அந்த ஊர்ப் பழங்குடி இளைஞர்களை 2003ல் நியூசிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2006ல் வழக்குப் போட்டது. 2007ல் தீர்ப்பு தெரபிஸ்டுகள் பக்கம் வந்தது.

2009ல் மின்னசோட்டா மாநிலம் சட்டமே போட்டது. அதில் எனக்குப் பிடித்தது அதன் கறார். தெரபிஸ்ட் ஒரு பல் டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். ஒரு டாக்டர் 5 பேருக்கு மேல் மேற்பார்வை பார்க்கக் கூடாது. மேல்நிலைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே நிரந்தரப் பல்லை எடுக்கலாம். அதுவும் ஈறு நோயால் நன்றாக ஆடும் பல். உடைந்த பல், எலும்புக்குள் புதைந்த பல் என்றால் தொடவே கூடாது.

பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு கறார்? வாய்க்குப் பின்னால் ஒரு முழு உடம்பு இருக்கு. சுகர் கூடியிருந்தால் பல் எடுத்த இடத்தில் சீழ் பிடிக்கும். இதயத்துக்கு வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் நிற்காமல் போகலாம். வெற்றிலை, புகையிலை போடுபவரின் ஆறாத புண் புற்றுநோயாக இருக்கலாம். பல்லைப் பிடுங்கும் கை முக்கியம். எப்போது பிடுங்கக் கூடாது என்று தெரிந்த தலை அதைவிட முக்கியம்.

"பி.டி.எஸ். முடித்தவர்களே வேலை இல்லாமல் இருக்காங்க, எதுக்குத் தெரபிஸ்ட்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில் அவர்களுக்கு கிராமத்துப் பக்கம் பணியிடம் கொடுக்கணும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இடைநிலைப் பணியாளர் என்றாலே ஆபத்து என்பதை ஏற்க மாட்டேன். நம்ம ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்க. என்ன படிப்பு, என்னென்ன செய்யலாம், யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருப்பதால்தான் அவர்களை நம்புகிறோம்.

1948 சட்டத்துக்குப் பதிலாக 2023ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாளைக்கு யாரை அனுமதித்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்கணும். என்ன படித்தார்? எதை மட்டும் செய்யலாம்? தவறு நடந்தால் எந்த டாக்டர் பொறுப்பு? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில்தான் "தெரிஞ்சவரு ஒருத்தரு" வருகிறார்.

அந்த அம்மாவை மேல்சிகிச்சைக்கு அனுப்பி, சீழை எடுத்து, இன்சுலின் போட்டு, பிழைத்துவிட்டார். இப்போது மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்க வருகிறார்.

பல் எடுக்கப் போகிறவர்கள் சுகர், பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எதையும் மறைக்காமல் சொல்லுங்க. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் தள்ளிப் போடாம வந்து காட்டுங்க.