முன்சக்கரத்து மூட்டுவலி

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். போன மார்கழியில் மூன்றாவது வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோது இடது முன்சக்கரத்திலிருந்து ‘டக் டக் டக்’ என்று கேட்டது. நேராக்கினேன், நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மறுபடியும். நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவனுக்கு இந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சி.வி. ஜாயிண்ட், அதாவது மடங்கியபடியே சீரான வேகத்தில் சுற்றும் ஆக்சில் மூட்டு, போய்விட்டது.

ஊர் திரும்பி, வீட்டு வாசலிலேயே கழற்றினேன். துணைக்குத் தம்பி மகன். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் நட்டோடு சக்கரமும் சுற்றும். ஸ்பேனரில் நாலடிக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்ற பிறகுதான் அது இளகியது. பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினோம். கீழ் பால் ஜாயிண்ட்டைப் பிரித்து நக்கிளைச் சாய்த்து, டிஃபரன்ஷியல் பக்கம் கடப்பாறையால் நெம்பியதும் ஆக்சில் வெளியே வந்தது. கூடவே கியர் ஆயிலும் வாசல் கோலத்தின் மேல் வந்தது; அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை. ரப்பர் பூட் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் குழம்பு.

“பெரியப்பா, இதை எடைக்குப் போட்டுட்டுப் புதுசை முழுசா மாட்டிடலாமே. எதுக்குப் பிரிக்கிறீங்க?” என்றான் பையன்.

பிரிக்காமல் இருக்க எனக்கு வராது. அப்பா வழக்கம் அது.

அப்பா ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். உலகப்போர் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட வில்லிஸ். “ஏலத்துல வந்த வண்டி ஏலக்காட்டுக்கே வந்திருச்சு” என்பார். அதன் முன் ஆக்சிலில் ரப்பர் பூட்டே கிடையாது. சக்கரத்துக்கு உட்புறம் ஓர் இரும்பு உருண்டை, அதற்குள் கிரீஸ், கிரீஸுக்குள் ஜாயிண்ட். தூசியைத் துடைக்க ஓரத்தில் ஒரு ஃபெல்ட் வளையம். எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் அப்பா அந்த ஆக்சிலை உருவினார். ஜாயிண்ட் மடங்கியதும் பால்ரஸ் குண்டுகள் சிதறித் திண்ணைக்கடியில் ஓடின. தேடி எடுத்து மண்ணெண்ணெயில் கழுவுவது என் வேலை. பெரியது நாலு, நடுக்குண்டு ஒன்று. அது பெண்டிக்ஸ்-வைஸ் ரகம் என்பது பிற்பாடு தெரிந்தது. இன்னொருவருடைய ஜீப், அதே மாடல், கழற்றினால் உள்ளே வேறு மாதிரி இருந்தது. “ஒரு தாய் பிள்ளைகன்னா ஒரே முகமாவா இருக்கும்?” என்றார் அப்பா.

முகம் மாறியதற்குக் காரணம் போர். அதைச் சொல்ல 1676-க்குப் போக வேண்டும். வானத்தைப் பார்க்கும் கருவிகளைப் பற்றிய ஒரு நூலில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் அந்த ஆண்டு விவரித்த மூட்டைத்தான் நம் லாரி மெக்கானிக்குகள் இன்றும் ‘கிராஸ்’ என்கிறார்கள். மடங்கும், சுற்றும். ஆனால் மடங்கிச் சுற்றும்போது திக்கும். 30 டிகிரி மடக்கி, ஒரு பக்கம் சீராக 100 சுற்றுக் கொடுத்தால், மறுபக்கத்தின் வேகம் 87-க்கும் 115-க்கும் இடையில், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். இரண்டு கிராஸைச் சரியாக மாட்டினால் ஒன்றின் கோளாறை மற்றது தீர்க்கும் என்பதும் ஹூக்குக்குத் தெரியும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு அது போதும். திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்கிற முன்சக்கரத்துக்குப் போதாது. ஒடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் கையில் உதைக்கும்.

இந்தத் திக்கலைத் தீர்க்க 250 ஆண்டுகள் ஆயின. தீர்ந்தபோது பல இடங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தீர்ந்தது. பிரான்சில் 1926-இல் பியர் ஃபெனாயும் ஜான்-அல்பேர் கிரெகுவாரும் ‘டிராக்டா’ மூட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் குண்டே கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் துண்டுகள்தான். கையோடு முன்சக்கர இழுவைக் கார் கட்டி, 1927 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இறக்கினார்கள். ஜெர்மனியில் டி.கே.டபிள்யூவும் ஆட்லரும் உரிமம் வாங்கின. அதே காலத்தில் அமெரிக்காவில் வைஸின் குண்டு மூட்டு. ஃபோர்டில் வேலை பார்த்த ஆல்ஃப்ரெட் ஷெப்பாவின் குண்டு மூட்டு. ஷெப்பாவுக்குக் காப்புரிமை கிடைத்தது 1928-இல்.

ஷெப்பாவினுடையதுதான் இப்போது என் தட்டில் கிடப்பது. ஒரு கிண்ணம், அதற்குள் நட்சத்திரம் மாதிரி ஒரு துண்டு, இரண்டிலும் வளைந்த பள்ளங்கள், நடுவே ஒரு கூட்டில் ஆறு குண்டுகள். தண்டு எவ்வளவு மடங்கினாலும் ஆறு குண்டும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கும். அதனால் இந்தப் பக்கத்து வேகம் குறையாமல் கூடாமல் அந்தப் பக்கம் போகும். அழகான யோசனை. ஆனால் அந்த வளைந்த பள்ளங்களை மயிரிழை பிசகாமல் சாணை பிடிக்க வேண்டும். அதற்கு எந்திரமும் வேண்டும், காசும் வேண்டும்.

போர் வந்தபோது அதுதான் முட்டுக்கட்டை. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் ஜீப் கட்டினார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் லாரிகள் வேறு. அத்தனைக்கும் மூட்டு செய்துதர ஒரே ரகத்தால் முடியவில்லை. பெண்டிக்ஸ், ஷெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என்று நாலு ரகத்தையும் அள்ளிப் போட்டார்கள். அப்பா கண்ட முகங்கள் அவைதாம்.

இந்த மூட்டைச் சாதாரண மனிதர்களுக்குக் கொடுத்தது பட்டாளமல்ல, ஒரு குட்டிக் கார் என்பது என் கட்சி. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியின் முன்சக்கரங்களுக்கு ஹார்டி ஸ்பைசர் கம்பெனி ஷெப்பா மூட்டு செய்துகொடுத்தது. 50 லட்சத்துக்கு மேல் மினிகள் ஓடின. அந்த எண்ணிக்கை வந்தால் சாணைச் செலவு தாங்கும். நம் ஊரில் அதுவரை பழகிய அம்பாசடரும் பியட்டும் பின்சக்கர இழுவை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் ‘சி.வி. ஜாயிண்ட்’ என்ற சொல்லே மெக்கானிக் கடைகளில் புழங்க ஆரம்பித்தது.

இரும்பு உருண்டைக்குள் ஒளிந்திருந்த மூட்டு இப்படித்தான் வெளியே வந்தது. வெளியே வந்ததும் அதற்கு ஒரு சட்டை வேண்டியிருந்தது: மடிப்பு மடிப்பான ரப்பர் பூட். 250 ஆண்டு மூளை இந்த ஒரு ரப்பரை நம்பிக் கிடக்கிறது. ஹூக்கைப் புகழ்கிற வாயால் இந்தப் பூட்டையும் யாராவது புகழ வேண்டும்.

கழுவிப் பார்த்தோம். கிண்ணத்தின் பள்ளங்களில், குண்டு உட்காரும் இடத்தில், நகம் தட்டுகிற அளவுக்குக் குழி. “இதுல விழுந்து ஏறுறப்பதான் சத்தமா?” என்றான் பையன். ஆமாம் என்றேன். புது ஆக்சிலைப் புது ஆயில் சீலோடு ஏற்றி, உள்ளே சர்க்ளிப் ‘கிளிக்’கென்று விழுகிறவரை தட்டி, சக்கரத்தை இறக்கிய பிறகு ஹப் நட்டை முறுக்கி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது.

உங்கள் வண்டியில் டயருக்குக் காற்றடிக்கும்போது ஸ்டியரிங்கை ஒருபக்கமாக முழுசாக ஒடித்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்த ரப்பரின் மடிப்புகளை ஒருமுறை தடவிப் பாருங்கள். விரலில் கிரீஸ் ஒட்டினால் அந்த வாரமே பூட்டை மாற்றிவிடுங்கள், ஆக்சில் பிழைத்துக்கொள்ளும்.