ஹான்ஸ் சிங்கரும் அந்நிய முதலீட்டின் ஆதாயப் பங்கீடும்

மூலப்பொருள் விற்கும் நாடுகளின் வாணிப வீதம், அதாவது ஏற்றுமதி விலைக்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள விகிதம், நெடுங்காலப் போக்கில் அந்நாடுகளுக்குப் பாதகமாகவே நகர்கிறது என்னும் கருத்து ஹான்ஸ் சிங்கர், ராவுல் பிரெபிஷ் ஆகிய இருவர் பெயராலும் வழங்கி வருகிறது. ஆயினும் சிங்கர் 1950இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, முதலீடு செய்யும் நாட்டுக்கும் கடன் பெறும் நாட்டுக்கும் இடையே ஆதாயம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதையே தன் தலைப்பாகக் கொண்டது. விலை பற்றிய வாதம் அதில் ஒரு பகுதியே, அதுவும் வலுக்குறைந்த பகுதி.

ஜெர்மனியில் பிறந்து, பான் நகரில் ஷும்பீட்டரிடம் பயின்று, ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் கேம்பிரிட்ஜ் சென்று கெய்ன்ஸின் மாணவரான அவர், 1947இல் ஐக்கிய நாடுகள் சபையில் பணியேற்றார். ஏழை நாடுகளில் அந்நிய மூலதனத்தால் எழுந்த சுரங்கங்களும் தோட்டங்களும் நில எல்லையால் மட்டுமே அந்நாடுகளுக்கு உரியவை என்றும், பொருளாதார உறவால் அவை முதலீடு செய்த நாட்டின் புறச்சாவடிகளே என்றும் அவர் வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளுள் இலங்கைத் தேயிலைத் தோட்டமும் ஒன்று. அவர் விரித்துரைக்காததை மலையக வரலாறு நிரப்பித் தருகிறது: கொழுந்தைப் பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தொழிலாளர், அவர்கள் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது, தேயிலையை உலர்த்திய சிராக்கோ இயந்திரம் பெல்பாஸ்டில் செய்யப்பட்டது, பெட்டிகள் பெருமளவில் ஏலம்போனது லண்டன் மின்சிங் லேனில், பங்காதாயம் சேர்ந்ததும் அந்நகரில்தான். ஒரு முதலீட்டுச் செலவு அடுத்தடுத்து வருமானங்களைத் தோற்றுவிக்கும் பெருக்கி விளைவு, தோட்டத்தைச் சுற்றியிருந்த கண்டிக் கிராமங்களை எட்டாமல் கடல் கடந்து போனமைக்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

விலை வாதத்தை எதிர்த்தோர், பிரிட்டனின் இறக்குமதி விலையில் கப்பல் கட்டணமும் அடங்கியிருந்ததையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கட்டணம் பெரிதும் குறைந்ததையும் எடுத்துக்காட்டினர். அதில் நியாயம் உண்டு. ஆனால் முதலீடு பற்றிய வாதம் விலைப் புள்ளிவிவரத்தை நம்பி நிற்பதன்று. 1970களில் சிங்கரே பண்டங்களின் வேறுபாட்டைவிடத் தொழில்நுட்பம் எந்நாட்டின் கையில் இருக்கிறது என்பதற்கே முதன்மை தந்து, ஆலைப்பொருள் ஏற்றுமதி செய்யும் நாடும் ஏமாறக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்தி விரித்தார். அந்நிய நேரடி முதலீட்டை உள்ளே வந்த தொகையால் மட்டும் அளந்து மகிழ்வோர் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.