சாக்லேட் கட்டி பிறந்த கதை

கல்யாணமாகி நாலைந்து வருஷமாகியும் குழந்தை தங்கவில்லை என்று வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ ஸ்கேன் எடுக்கப் போகும் பெண்களில் சிலர், ஒரு புதுச் சொல்லோடு பஸ் ஏறித் திரும்புகிறார்கள்: ‘சாக்லேட் சிஸ்ட்’. சினைப்பையில் வந்த கட்டிக்கு இனிப்பின் பெயரா என்று வீட்டில் திகைப்பார்கள். அந்தப் பெயருக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஜான் சாம்ப்சன் என்றொரு பெண்நோய் மருத்துவர் இருந்தார். அறுவை சிகிச்சையின்போது சில பெண்களின் சினைப்பையில் அவர் கண்ட கட்டிகளுக்குள் சீழும் இல்லை, புது ரத்தமும் இல்லை. உருக்கிய சாக்லேட்டைப் போலக் கெட்டியான கரும்பழுப்புத் திரவம் இருந்தது. நம் ஊர்க்காரர் பார்த்திருந்தால் பழம்புளிக் கரைசல் என்றிருப்பார். மாதாமாதம் கசிந்து, வெளியேற வழியில்லாமல் தேங்கிப்போன பழைய ரத்தம் அது. 1921-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘சாக்லேட்’ என்ற சொல் ஏறியது.

இந்தக் கட்டிக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது. கருப்பையின் உள்சுவரில் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற திசு, சினைப்பையிலும் குடல்மேலும் வயிற்றின் உள்ளுறையிலும் முளைத்து, மாதவிலக்கின்போது அங்கேயே ரத்தம் கசிகிறது. இப்படி இடம் மாறிய திசுவை வியன்னாவில் கார்ல் ரோக்கிடன்ஸ்கி 1860-லேயே விவரித்திருந்தார். சாம்ப்சனின் 1927-ஆம் ஆண்டுக் கட்டுரை ‘எண்டோமெட்ரியோசிஸ்’ என்ற பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. மாதவிலக்கு ரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவதுதான் காரணம் என்றார் அவர். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிக் கொஞ்சம் போகத்தான் செய்கிறது. சிலருக்கு மட்டும் அது ஏன் வேர்பிடிக்கிறது என்பதற்கு இன்றுவரை முழு விடை இல்லை.

கசிவு புண்ணாகி, புண் தழும்பாகி, தழும்பு பசைபோல உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. சினைப்பை குடலோடு ஒட்டிக்கொள்ளலாம். மலம் கழிக்கையில் வலி, தாம்பத்தியத்தில் வலி, ஓயாத அசதி என்று தொல்லை வளர்கிறது. சிலருக்குக் கருத்தரிப்பதும் தடைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது.

வலி தொடங்கும் நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் நடுவே பல நாடுகளிலும் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுகிறது. ஏழெட்டு வருஷம் அலைந்தவர்கள் ஏராளம். அந்த இடைவெளி வீட்டில்தான் தொடங்குகிறது. “எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே, ஒரு பிள்ளை பெத்தா சரியாப் போயிரும்” என்கிறார்கள். வெந்தயத்தை விழுங்கி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுச் சுருண்டு படுத்த பெண், ‘வலி தாங்காதவள்’ என்ற பெயரோடு வளர்கிறாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று தாயும் வாயைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு, பிள்ளை இல்லை என்ற பழியும் அவள் தலையில்தான் விழுகிறது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் நோயில்லை என்று பொருளல்ல. கட்டி தெரியும், வயிற்றின் உள்ளுறைமேல் படிந்த சிறு புள்ளிகள் பல நேரம் தெரியாது. முன்பெல்லாம் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகே உறுதி சொல்வார்கள். இப்போது அறிகுறிகளைக் கேட்டே மருந்தைத் தொடங்கலாம் என்கின்றன 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் ஹார்மோன் மாத்திரையும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் வலியைக் குறைக்கும்.

சிவன் தன் உடம்பில் பாதியை உமைக்குக் கொடுத்து அர்த்தநாரீஸ்வரராக நிற்கும் ஊர் வாசுதேவநல்லூர். அந்தச் சந்நிதியில் கைகூப்பும் அம்மாமார்களுக்கும் அப்பாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதவிலக்கு வலியால் உங்கள் மகள் மாதாமாதம் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாமல் படுத்தால், அது எல்லாருக்கும் உள்ள வலி அல்ல. அவள் சொல்வதை நம்புங்கள். கல்யாணம் வரை காத்திராமல் இப்போதே பெண்நோய் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.