துனிஸில் அழுத பையன், கடலில் வந்த படகு

இந்த வாரம் கொஞ்சம் பர்சனலா ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் தனியா துருக்கி போயிருந்தேன். டெனிஸ்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ராத்திரி பதினொன்றரை. போனில் 2 சதவீதம் சார்ஜ். என்கூட இறங்கின எல்லாருக்கும் அழைச்சிட்டுப் போக ஆள் வந்திருந்தது. எனக்கு யாரும் இல்லை. 28 வயசு, கைநிறைய சம்பளம், ஆனாலும் தொண்டை அடைச்சுது. டீக்கடைக்காரர் ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துட்டு சார்ஜரை நீட்டினார், டீ கொடுத்தார், காசு வாங்கலை. அவ்வளவுதான் என் கதை. இதே மாதிரி ஒரு காட்சி 700 வருஷத்துக்கு முன்னாடி எழுதி வைக்கப்பட்டிருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

1325 ஜூன் மாதம், மொராக்கோவின் தான்ஜியர் நகரத்தில் இருந்து 21 வயசுப் பையன் ஒருத்தன் மக்காவுக்குக் கிளம்புகிறான். கூட்டமும் இல்லை, துணையும் இல்லை. பெயர் இப்னு பதூதா. வழியில் காய்ச்சல். ஓய்வெடுன்னு சொன்னவங்ககிட்ட, சாவு வந்தா பாதையிலேயே வரட்டும்னு சொல்லிட்டு, விழாம இருக்கத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு போகிறான்.

அப்படிப்பட்ட பிடிவாதக்காரன் அழுத இடம் துனிஸ். ஊர்க்காரர்கள் எதிர்கொண்டு வந்து, பயணிகளுக்கு ஒவ்வொருத்தராக ஸலாம் சொல்கிறார்கள். இவனுக்கு யாரையும் தெரியாது, அதனால் இவனுக்கு யாரும் சொல்லவில்லை. தாங்க முடியாமல் அழுதுவிடுகிறான். கூட வந்த யாத்ரீகர் ஒருவர் காரணத்தைப் புரிந்துகொண்டு, பக்கத்தில் வந்து ஸலாம் சொல்லி, ஊருக்குள் நுழையும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறார். இப்னு பதூதா தன் கதையைச் சொல்லி எழுத வைத்தது 1355 வாக்கில். நடுவில் 30 வருஷம். எத்தனையோ ராஜாக்களைப் பார்த்துட்டு வந்த ஆளுக்கு அந்த அழுகை மறக்கலை பாருங்க.

சரி, கையில் கூகுள் மேப் இல்லாத காலத்தில் இந்த ஆள் எப்படி இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தார்? நல்ல மனுஷங்க கிடைச்சாங்க, அதிர்ஷ்டம்னு சொல்லிடலாம். ஆனால் துருக்கிப் பகுதியைப் படிக்கும்போது வேறு ஒன்று தெரிகிறது. 1330-களில் அங்கே அகி என்ற சங்கங்கள் இருந்தன. பெரும்பாலும் ஒரே தொழில் செய்யும், கல்யாணமாகாத இளைஞர்கள். பகலில் வேலை, சாயங்காலம் சம்பாதித்ததைத் தலைவரிடம் கொடுப்பார்கள். அதில் சாப்பாடு வாங்கி வைப்பார்கள். வெளியூர்க்காரர் வந்தால் அவருக்கு விருந்து, தங்க இடம். யாரும் வராவிட்டால் அவர்களே சேர்ந்து சாப்பிட்டுக்கொள்வார்கள். பேச்சிலர் ரூம் மாதிரிதான், ஆனால் விருந்தாளிக்காக நடத்தப்படும் ரூம்!

அன்தாலியாவில் பழைய உடுப்போடு ஒருத்தர் வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட வாங்க என்கிறார். இவ்வளவு ஏழை நமக்கு எப்படிச் சோறு போடுவார் என்று இப்னு பதூதா தயங்க, பக்கத்தில் இருந்தவர் சிரிக்கிறார். அந்த ஆள் செருப்புத் தைப்பவர், சுமார் 200 தொழிலாளிகளுக்குத் தலைவர்.

நான் இறங்கின டெனிஸ்லியின் அந்தக் காலப் பெயர் லாதிக். அங்கே நடந்ததுதான் என் ஃபேவரிட். கடைத்தெருவில் போகும்போது சிலர் ஓடிவந்து இவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடிக்கிறார்கள். இன்னொரு கூட்டம் வந்து இழுக்கிறது. கத்தியே வெளியே வந்துவிட்டது. இவருக்குத் துருக்கி மொழி தெரியாது. கொள்ளைக்காரர்கள், நம்ம கதை முடிந்தது என்று நினைக்கிறார். அரபி தெரிந்த ஒருவர் வந்த பிறகுதான் விஷயம் புரிகிறது: அகி சினான், அகி தூமான் என்ற இரண்டு தலைவர்களின் ஆட்கள், விருந்தாளியை யார் முதலில் கூட்டிட்டுப் போறதுன்னு சண்டை! கடைசியில் சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொண்டார்கள்.

படித்த முஸ்லிம் ஆண் என்பதுதான் இவருக்கு அடையாள அட்டை, அதை மறக்க வேண்டாம். ஒரு பெண் தனியா இப்படிப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இந்தப் புத்தகம் நமக்குச் சொல்லாது.

அந்த அட்டை செல்லாத இடம் நம்ம ஊர்க் கடல். 1344 வாக்கில் இலங்கையில் இருந்து மாபாருக்கு, அதாவது தமிழகக் கிழக்குக் கரைக்கு வருகிறார். புயலில் கப்பல் தரைதட்டுகிறது. பாய்மரத்தை வெட்டி எறிகிறார்கள். கூட வந்தவர்களை முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் ஏறும் கப்பலின் பின்தளத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். விடிந்ததும் ஒரு படகு வருகிறது. வந்தவர்களை அவர் குறிக்கும் சொல் காஃபிர்கள். அவர்கள்தான் கரைசேர்த்தார்கள். நல்ல மீன் கொடுத்தார்கள். பஞ்சு மாதிரி நாரும் தேன் மாதிரி சாறும் உள்ள ஒரு பழமும் கொடுத்தார்கள், அந்தச் சாற்றில் சர்க்கரை போல இனிப்பு செய்வார்களாம். பனம்பழம் சப்பினவங்களுக்கு இது என்னன்னு நான் சொல்லவே வேண்டாம்.

நாங்க சுல்தானுக்கு வேண்டியவங்க என்று இவர் அவர்களிடம் சொல்லிக்கொண்டது உண்மை. மதுரை சுல்தான் கியாசுதீன் இவருக்குச் சகலை முறை. அந்தப் பயத்தில் உதவினார்களா? பயம் என்றால் மீனும் பழமும் எதற்கு? எனக்குத் தோன்றுவது, படகை எடுக்கும்போது கப்பலில் யார் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கொஞ்ச நாளில் அதே சுல்தானின் படையோடு போகும்போது, பிடிபட்ட ஊர்மக்களைக் கழுவேற்றுவதையும், அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதையும் பார்க்கிறார். வேறு எந்த அரசனும் செய்யாத கொடூரம் என்று வெளிப்படையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். தன்னைக் கரைசேர்த்த கைகள் அப்போது நினைவுக்கு வந்ததா என்று எழுதவில்லை.

சினான், தூமான் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்கு. மதுரை சுல்தான் பெயரும் இருக்கு. துனிஸில் ஸலாம் சொன்னவர் பெயரும் படகில் வந்தவங்க பெயரும் இல்லை. அன்னிக்கு ராத்திரி டீ கொடுத்தவர் பெயரை நானும் கேட்கலை.

அடுத்த எபிசோடில், இதே ஆள் மாலத்தீவில் நீதிபதியா உட்கார்ந்த கதை.